கணக்கு வாத்தியார் காப்பியடித்த கதை

கணக்கு வாத்தியார் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் காப்பியடித்தார். அறுபத்தெட்டு வயதில், ஒரு துணி துவைக்கும் மெஷின் முன்னால்.

முப்பத்தொரு வருடம் பரீட்சை ஹாலில் நின்றவர். காலுறைக்குள், பேனா மூடிக்குள், கட்டுப்போட்ட கைக்குள் என்று பிட் எங்கே ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். ஓய்வுபெற்ற மறுவருடமே சர்க்கரை அவர் கண்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான்.

மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கெங்கோ விசாரித்து, வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பட்டியலில் அப்பாவைச் சேர்த்துவிட்டாள். கண் தெரியாதவர்கள், கை நடுங்குபவர்களை வரவழைத்து, புது மெஷினைக் கொடுத்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கிற வேலை. மாதம் ஒருநாள் வீட்டு வாசலுக்கே கார் வரும். வாத்தியார் முந்தின நாளே சட்டையை இஸ்திரி போடச் சொல்லி நச்சரிப்பார்.

முதல் நாள், ஆய்வு நடத்தும் பெண் அவர் சட்டையில் ஒரு மைக்கைக் குத்தினாள். மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அரைமணி நேரச் சலவையை ஓடவிடச் சொன்னாள். வாத்தியார் தடவினார். மெஷினின் முகம் முழுக்க வழவழவென்று கண்ணாடி. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கே தொட்டாலும் ஒரே 'பீப்'. பதினாறு நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு மெஷின் வெறும் வயிற்றைப் பிழிந்துவிட்டு, தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. மனதில் தோன்றியதை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எதிரே ஒரு பெண்பிள்ளை நின்றாள்.

வீட்டுக்கு வந்து, "பெயில்" என்றார்.

"அவங்க உங்களை டெஸ்ட் பண்ணலப்பா. மெஷினைத்தான் பண்றாங்க."

"நானும் பசங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன். பரீட்சை உன்னை இல்லடா, நான் பாடம் நடத்தின லட்சணத்தைத்தான் சோதிக்குதுன்னு. ஒருத்தனாவது நம்பியிருப்பான்னு நினைக்கிறியா?"

இன்னொரு தடவை பெயிலானால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். கார் நின்றுபோகும். "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்று கேட்க அப்புறம் நாதி கிடையாது.

அடுத்த மாதத்துக்குள் கம்பெனி ஒரு திருத்தம் செய்திருந்தது. கண்ணாடி அப்படியே இருக்க, ஒவ்வொரு பட்டனுக்கும் வேறுவேறு ஓசை வைத்தார்கள். அது உதவுகிறதா என்று பார்க்க மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள்: பார்வை முக்கால்வாசி போன ஒரு தையல்காரம்மா, கை நடுங்கும் பழைய லாரி டிரைவர், வாத்தியார். மூவரையும் ஒரே அறையில் காத்திருக்க வைத்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

தையல்காரம்மா காலையிலேயே ஒரு சுற்று போய்விட்டு வந்தவர். வாத்தியார் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்: வலது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு தட்டு, அங்கிருந்து இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி ஒரு தட்டு, வேலை முடிந்தது.

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு விரல்னா யாரோட விரல்? உங்களதா, டிரைவரோடதா?" என்று கேட்டார்.

தையல்காரம்மாவுக்கு அது தோன்றியிருக்கவில்லை. வாத்தியார் மூவர் கையையும் தடவி அளந்தார். அவரவர் விரலுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, டிரைவருக்கு நடுக்கத்துக்கென்று அரை விரல் கழித்தும் கொடுத்தார். டிரைவர் இரண்டு தடவை தப்பாக ஒப்பித்தபோது தொடையில் ஒரு கிள்ளு.

மூவரும் பாஸ். வாத்தியாருக்குப் பதினோரு விநாடி.

கம்பெனி மேலாளரே ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். புது ஓசைதான் காரணம் என்றார். "உங்களுக்கே இவ்வளவு சுலபம்னா, வேற யாருக்கு சார் கஷ்டமா இருக்கப்போகுது?" அடுத்த வாரமே இந்தக் கண்ணாடி தொழிற்சாலைக்குப் போய்விடும் என்றார்.

வாத்தியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. எந்த ஊரிலோ, எந்த வீட்டிலோ, ஒருத்தன் தனியாக நின்று இந்த வழவழப்பைத் தடவப்போகிறான். அவன் காதில் கிசுகிசுக்க எந்தத் தையல்காரம்மா வருவார்? சொல்லாமல் இருந்தால் மாதாமாதம் கார் வரும். சொன்னால் இன்றோடு சரி.

மேலாளர் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

"ஒரு தாள் எடுத்துக்கம்மா, நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார் வாத்தியார், ஆய்வு நடத்தும் அந்தப் பெண்ணிடம். பிடிபட்ட பையன்களிடம் அவர் எழுதி வாங்குகிற அதே வாசகம். "இன்று நடந்த தேர்வில் நான் முறைகேடு செய்தேன். யாருடைய தூண்டுதலும் இன்றி..." இங்கே கொஞ்சம் இடறினார். "அந்த வரியை அடிச்சிடு. கணக்கைத் திருத்தினது நான்தான், அது போதும்."

பிறகு நாலு விரலையும் ஒரு சாணையும் விளக்கினார். ஓசையை யாரும் காதில் வாங்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். மேலாளர் கையை விட்டுவிட்டு ஒரு நாற்காலியைத் தேடிப் போனார்.

வெளியே தையல்காரம்மா பொரிந்து தள்ளினார். "பாஸ் பண்ணின பேப்பரைத் திருப்பி வாங்கி பெயில் போட்ட ஒரே வாத்தியார் நீங்கதான்."

பத்து நாள் கழித்துக் கார் வந்தது. பட்டன்களை இடம் மாற்றி, மூவரையும் தனித்தனி அறையில் அடைத்துவைத்திருந்தார்கள். மூவரும் பெயில். டிரைவர் மெஷினைத் தரையிலேயே தண்ணீர் விடவைத்தார். அந்தப் பெண் உற்சாகம் தாங்காமல் எழுதித் தள்ளினாள். பெயில் மார்க்கை இத்தனை சந்தோஷமாகப் போடுகிற ஆளை வாத்தியார் அதுவரை கண்டதில்லை. கண்ணாடிமேல் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மேடு வந்தது. காரும் நிற்கவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம் வாத்தியார் பெயிலாவதையே தொழிலாக வைத்துக்கொண்டார். அடுப்பு, ஃபேன் ரிமோட், ரத்த அழுத்தக் கருவி, எல்லாவற்றிலும் தோற்றுவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் பெருமையடித்துக்கொள்வார்.

கடைசியாகப் படுத்திருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். நர்ஸைக் கூப்பிட அவர் பட்டனை அமுக்கினால் கட்டிலின் தலைமாடு எழுந்தது. தலைமாட்டை இறக்கப் பார்த்தால் விளக்கு அணைந்தது. மகளைப் பேனா எடுக்கச் சொன்னார். நாலு குறை இருக்கிறது, யாரிடம் கொடுக்கணுமோ கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று சொன்னதும் மூச்சு வாங்கியது. நாலாவதைச் சாயங்காலம் சொல்கிறேன் என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் மகள் தாளை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டாள். அதில் மூன்றுதான் இருந்தது.