கேன்டீன் சுவரில் என் கையெழுத்து

என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்தத் தாளைக் கேன்டீன் சுவரில் ஒட்டியவர் எங்கள் சூப்பர்வைசர். அவரை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மண்ணூர்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி அது. நான் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சூடான அச்சில் ரப்பரை வைத்து அழுத்தி, வெந்ததும் எடுக்க வேண்டும். எனக்கு பஸ் நம்பர் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், என் பெயரை எழுதத் தெரியும். அவ்வளவுதான். அச்சின் சூட்டை மணிக்கு ஒரு தரம் பார்த்து ஒரு தாளில் குறிக்க வேண்டும். அதைச் சூப்பர்வைசரே எழுதிவிடுவார். ஷிஃப்ட் முடிந்ததும் கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. அச்சு ஆறிக் கிடந்தது.

"சார், இன்னும் சூடு ஏறல சார்."

"அதெல்லாம் ஏறும். வண்டி வந்து நின்னுகினு கீது. நீ ஓட்டு."

ஓட்டினேன். இரண்டு வாரத்தில் அந்த வளையங்கள் கிழிந்து திரும்பி வந்தன. மேனேஜர் முன்னால் சூப்பர்வைசர் அன்றைய தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கையெழுத்து உன்துதான? எல்லா மணிக்கும் சூடு சரியா கீது. நீதான் வேகறதுக்கு முன்னாடியே எடுத்துக்கீற."

நான் கரண்ட் என்று ஆரம்பிப்பதற்குள் மேனேஜர் போகச் சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் ஓட்டிய மெஷினைப் பிடுங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். மறுநாள் அந்தத் தாள் கேன்டீன் சுவரில் ஏறியது. 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று மேலே தலைப்பு. அதையும் பக்கத்தில் இருந்தவள் படித்துச் சொன்னாள். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு என்று கம்பெனி அறிவித்தது அதற்குப் பிறகுதான். ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம், அதே கேன்டீனில். ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண் பாடம் எடுத்தார். பிள்ளையின் பள்ளி டைரியைப் படிக்க வேண்டும் என்று ஒருத்தி வந்தாள், போனில் வரும் மெசேஜுக்காக இன்னொருத்தி வந்தாள். நான் வந்தது சுவரில் இருந்த அந்த ஒரு தாளுக்காக. அயனம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில்கூட கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிக்கொண்டே போவேன்.

எழுத்து முடிந்து கணக்குக்கு வந்தோம். கட்டம் போட்ட தாளை எப்படிப் படிப்பது என்று ஆவடி லோக்கல் ரயிலின் டைம்டேபிளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இடது பக்கம் ஸ்டேஷன், வலது பக்கம் நேரம். அன்று தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தேன். இடது பக்கம் மணி, வலது பக்கம் டிகிரி. ஒரு மணி, நூற்று எழுபது. இரண்டு மணி, நூற்று எழுபது. மூன்று மணி, நூற்று எழுபது.

இரண்டு மணிக்கு கரண்டே இல்லை. அட பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் ரகசியமாகப் பேசித் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எல்லார் முன்னாலும் கேட்ட பேச்சுக்கு எல்லார் முன்னாலும்தான் பதில் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பெருக்கினேன்.

வளையங்களின் தரம் பார்க்க ஆடிட் வந்தது. வழக்கமாக அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை வகுப்பைப் பற்றி மேனேஜர் பெருமை பேச, ஆடிட்டர் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள் என்றார். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் தரத்தைப் பற்றிய உறுதிமொழிப் பலகையைக் காட்டினார். தடங்கல் இல்லாமல் படித்தேன். கைதட்டினார்கள்.

"நம்பரும் படிப்பேன் சார்," என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன். தேதியைப் படித்தேன். ஒவ்வொரு மணியாகப் படித்தேன். "ரெண்டு மணிக்கு நூத்தி எழுவதுன்னு போட்டுக்கீது சார். அன்னிக்கு ஒன்றரைலேர்ந்து ரெண்டரை வரிக்கும் கரண்ட்டே இல்ல. கேட்ல செக்யூரிட்டி நோட்டுல எழுதியிருப்பாங்க."

நோட்டு வந்தது. ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோட்டிலும் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை கரண்ட் இல்லை என்றுதான் இருந்தது.

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். சூப்பர்வைசரிடம் எழுதி வாங்கிய கடிதம் மேஜை மேல் இருந்தது. படித்துப் பார்த்துச் சரியென்றால் கையெழுத்துப் போடு, திங்கட்கிழமை மெஷினுக்குப் போ என்றார். மொத்தம் ஏழு வரி. ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன். வேண்டுமென்றே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினேன். மேஜைக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டே இருந்தார். ஐந்தாவது வரியில் விரலை நிறுத்தினேன்.

"இந்த வரி வர்ல சார். நீங்களே படிங்க."

சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையை ஆட்டினார்.

"சூட்டைப் பார்க்காமல் நான்தான் எழுதினேன். அந்த அம்மா மேல் தப்பில்லை."

"காதுல சரியா உழல சார்."

மறுபடியும் படித்தார். பாவம் என்று தோன்றுமா என்று கொஞ்சம் பார்த்தேன். தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது தடவையும் படிக்க வைத்திருக்கலாம்.