உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டம் கிடையாது

தங்கும் விடுதி நடத்துவது என்பது, முன்பின் தெரியாத ஒருவர் நம் கூரையின் கீழ் படுத்துக்கொண்டு நம்மையே குறை சொல்ல, அவருக்குக் குளிராமல் இருக்க நாமே கம்பளியும் எடுத்துக் கொடுக்கிற தொழில். இதைப் படிக்கிற லாட்ஜ்காரர்களே, மெஸ் நடத்துகிறவர்களே, மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டு சொந்த மாடிப்படி ஏறப் பயப்படுகிறவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். நானும் உங்களில் ஒருவன்.

ஆனால் நான் வந்த வழி வேறு. பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்தில். புளிக்கும் தேனுக்கும் நியாய விலை கேட்டு, பட்டா கேட்டு, பஸ் கேட்டு நாற்பது வருஷம் கொடி பிடித்தேன். மூன்று தடவை சிறை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. இன்னொரு பஸ் கேட்டால் இந்த மாவட்டம் அந்த மாவட்டத்தைக் கை காட்டும். அந்த மாவட்டம் இதைக் கை காட்டும். ஓட்டுக் கேட்க மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வருவார்கள்.

அருவி பார்க்க வருகிறவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஆறு அறைகளோடு அரசாங்கத்தில் ஒரு கட்டடம் கட்டினார்கள். திறந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பூட்டினார்கள். பிறகு அதன் தாழ்வாரத்தில் ஆடுகள்தான் தங்கின. எங்கள் ஊர்ச் சங்கம் சாலையில் உட்கார்ந்து, மனு கொடுத்து, மறுபடி சாலையில் உட்கார்ந்து சாவியை வாங்கியது. வாங்கியது ஒரு வருஷச் சோதனைக்கு. தங்கும் வசதி, மாலை நேரப் பொழுதுபோக்கு இரண்டும் திருப்தியாக இருந்தால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் கட்டடம் மலைக்குக் கீழே இருக்கிற ஒரு கான்ட்ராக்டர் கைக்குப் போகும். அவர் அதற்குள் இரண்டு முறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டு குடும்பங்களின் பிழைப்பு அந்த ஒரு வருஷத்தில் இருந்தது. நிர்வாகி நான். சமையல் சாந்தா. ஆட்டத்துக்குத் தலைவன் என் அக்கா மகன் குப்பன்.

சுவரில் ஒட்டிய விதிகள்

விடுதி என்றால் விதிகள் வேண்டும் என்றார்கள். எழுதுவது எனக்குப் புதிதா? ஒரே உட்காரலில் எழுதி, சிவப்பு மையில் அச்சடித்து, வரவேற்பு மேஜைக்கு மேலே ஒட்டினேன். ‘பயணிகளே! சிந்தியுங்கள்!’ என்று ஆரம்பம். குப்பையைக் காட்டில் வீசுவது யாருக்கு எதிரான செயல் என்பதை விளக்க ஒரு பத்தி. சாமைச் சோற்றை மீதி வைப்பவர்களுக்கு ஒரு கண்டனம். கடைசியில், ‘மேற்படி கோரிக்கைகளை உடனே நிறைவேற்று!’ என்று முடித்திருந்தேன். பழக்கம்.

ஆரணியிலிருந்து மனைவி, மாமியாரோடு வந்த ஒரு வங்கிக்காரர் பையைக் கூடக் கீழே வைக்காமல் முழுவதையும் படித்தார். நான் பெருமையோடு பேனாவை நீட்டினேன். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார். “ஐயா, நாங்க ரூம் கேட்டு வந்தோம். இத படிச்சா எங்கமேல ஏற்கனவே கேஸ் போட்டுட்டீங்களோன்னு இருக்குது.”

சுடுதண்ணீர் மனு

வேலூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் காலையில் துண்டோடு வந்து, தண்ணீர் ஐஸாக இருக்கிறது, புகார்ப் புத்தகம் எங்கே என்றார். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் புகார்ப் புத்தகம் கேட்டதில்லை. நான்தான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவன். ஓடிப்போய் வெள்ளைத் தாள் எடுத்து வந்தேன். அவர், ‘வெந்நீர் கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தால் நன்றாக இருக்கும்’ என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கெஞ்சினால் எவன் அசைவான்? அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மார்கழிக் குளிரில் வயதானவர்கள் படும் அவதியைச் சேர்த்து, ‘ஏழு நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையேல்’ என்று முடித்துக் கொடுத்தேன். மனிதர் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அதைச் சங்கக் கூட்டத்தில் நானே வாசித்தேன். நிர்வாகத்தின் அலட்சியத்தை நானே கண்டித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, அந்த வாரமே போளூரிலிருந்து விறகு பாய்லர் ஒன்று ஜீப்பின் தலைமேல் ஏறி வந்தது. நான் எழுதிய மனுக்களில் ஒரே வாரத்தில் பலித்தது அது ஒன்றுதான். பாய்லருக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த சாந்தா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “இன்னாண்ணா, நம்ம மேலயே நீயே மனு எழுதிக் குடுக்கற. நாளிக்கு நம்ம வாசல்லயே குந்திகினு மறியலும் பண்ணுவியா?”

எட்டு நாற்காலிகள்

கடைசி பஸ் நாலரைக்குப் போய்விட்டால் எங்கள் ஊரில் தங்கியிருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. டீக்கடை ஒன்று, அதுவும் ஆறு மணிக்குச் சாத்தப்படும். ஆகவே ஒப்பந்தத்தில் மாலை நேரப் பொழுதுபோக்கு என்ற வரியைப் படித்ததும், மேளத்துக்கு வட்டமாகச் சுற்றி ஆடும் எங்கள் ஊர் ஆட்டத்தை வைக்கலாம் என்று முடிவெடுத்தேன். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி முற்றத்தில் வரிசையாகப் போட்டேன். விருந்தாளிகள் செல்போனைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குப்பனும் அவன் ஆட்களும் மேளத்தோடு வந்தார்கள். நாற்காலிகளைப் பார்த்தார்கள். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ஆட்டத்துக்குப் பார்வையாளர் என்று ஒரு ஜாதி கிடையாது. மேளம் கேட்கிற இடத்தில் இருப்பவர் வட்டத்தில் ஒரு காலாவது வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் காய்ச்சல்காரராக இருப்பார், இல்லை கைக்குழந்தைக்காரியாக இருப்பாள். “சும்மா குந்திகினு பாக்கறதுக்கு நாங்க இன்னா டீவியா மாமா?” என்றான் குப்பன். இந்த விஷயத்தை நான் ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு சொற்பொழிவாக விருந்தாளிகளுக்கு விளக்கினேன். ஒருவர் பின் ஒருவராகச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். கடைசியாக எழுந்தவர், ஊன்றுகோலோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வட்டத்தில் மூன்று சுற்று வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்: “டாக்டர் முட்டிய அசைக்கவே கூடாதுன்னாரு. அவரு இங்க வந்தா தயவுசெஞ்சு என் பேர சொல்லிடாதீங்க.”

பெரிய பெட்டி

எல்லோரும் அந்தத் தலைமையாசிரியர் மாதிரி இருப்பதில்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர், காசு கொடுத்தவன் நான், ஆட வேண்டியவன் நீ என்று நாற்காலியிலேயே இருந்தார். குப்பன் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவர் ஊருக்குத் திரும்பியதும் இணையத்தில் எங்களைக் கிழித்து எழுதினார். கான்ட்ராக்டர் அதைப் பிரதியெடுத்து ஆபீஸ் ஆபீஸாகக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். நோட்டீஸ் போடுவதற்கும் போட்டி வந்துவிட்டது.

அடுத்த வாரமே கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் ஏழு பேர் பீரோ உயரத்துக்கு ஒரு ஒலிப்பெட்டியோடு வந்தார்கள். இரண்டு மலைக்குக் கேட்கும் என்றார்கள். ஒலிபெருக்கி அனுமதி விஷயத்தில் இந்த மலையில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. என் இரண்டாவது சிறைவாசமே அதற்குத்தான். எந்தச் சட்டம், என்ன பிரிவு, யாரிடம் எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், மறுத்தால் எங்கே மேல்முறையீடு என்று நின்ற இடத்தில் சொன்னேன். அவர்களுக்கு உதவத்தான் சொன்னேன். பெட்டி வண்டிக்குள் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் ஏழு பேரும் மேளத்துக்கு ஆடி, மூன்று பேர் செருப்பைத் தொலைத்து, மறுநாள் எங்களைப் பற்றி இணையத்தில் இத்தனை நீளத்துக்குப் புகழ்ந்து எழுதினார்கள். கிளம்பும்போது அவர்களில் ஒருவர் கைகூப்பினார்: “அங்கிள், இனிமே வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா போதும். செக்‌ஷன் எல்லாம் சொல்லாதீங்க, பயத்துல எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு.”

பார்வைக் குழு

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கையில், எங்களைச் சோதிக்க மூன்று பேர் கொண்ட குழு வந்தது. குழுவின் தலைவி ஒரு அம்மா. கூட இரண்டு அதிகாரிகள். அறையைப் பார்த்தார்கள், பாய்லரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்கள், சாந்தா வைத்த சாமைச் சோற்றையும் புளிக்குழம்பையும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. ஐந்து மணிக்குக் கான்ட்ராக்டர் ஒரு வேனில் வந்து இறங்கினார். அழைக்காமல் வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை நாற்காலிகள் நாலு கொண்டுவந்தார். மூன்று அதிகாரிகளுக்கு, ஒன்று அவருக்கு. முற்றத்தில் போட்டார். அவர்கள் உட்கார்ந்தார்கள். மனிதர் எங்கள் வழக்கத்தை நன்றாக விசாரித்துத்தான் வந்திருந்தார்.

குப்பனும் ஆட்களும் வந்தார்கள். நின்றார்கள். சங்கத்தார் என் முகத்தைப் பார்த்தார்கள். தோழர்களே, மறைக்காமல் சொல்கிறேன். நாற்பது வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தையை அன்றைக்குக் குப்பனை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சொன்னேன்: “இன்னிக்கு ஒருநாள் அனுசரிச்சிக்கடா.” அவன் என்னைப் பார்த்த பார்வையை என் மூன்று சிறையிலும் நான் பார்த்ததில்லை. “தாசில்தார் உக்காந்துகினு இருப்பாரு, நாம நின்னுகினே மனு குடுக்கணும், இது இன்னா நியாயம்னு மைக்ல கேட்டது யாரு மாமா? நீதானே? நான் அப்ப மேடைக்குக் கீழ நின்னு கை தட்டினேன்” என்றான். பன்னிரண்டு குடும்பமும் அந்த முற்றத்தில் நிற்கிறது. கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“ஏன் இன்னும் ஆரம்பிக்கல?” என்று அந்த அம்மா கேட்டார். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் சாந்தா, கையில் கரண்டியோடு, அடுப்படி வாசலிலிருந்தே சொல்லிவிட்டாள். “நீங்க எழுந்து வந்தாதாம்மா மேளம் அடிப்பாங்க. எங்க ஊர்ல காய்ச்சல்காரங்கதான் குந்திகினு பாப்பாங்க. உங்களுக்கு ஒடம்பு நல்லாத்தான கீது? ரெண்டு தபா சோறு வாங்கினீங்களே.”

அந்த அம்மா சாந்தாவைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார். எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தால் அரசாங்கத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு: மேலதிகாரி எழுந்தபின் கீழே இருப்பவர் உட்கார்ந்திருக்க முடியாது. மற்ற இருவரும் சுவிட்சு போட்ட மாதிரி எழுந்தார்கள். மூன்று அதிகாரிகளும் எழுந்தபின் கான்ட்ராக்டர் எந்தத் தைரியத்தில் உட்காருவார்? குப்பன் அடித்தான் பாருங்கள் ஒரு அடி! நாலு மெத்தை நாற்காலியும் காலியாகக் கிடக்க, குழு முழுவதும் வட்டத்தில் சுற்றியது. கான்ட்ராக்டருக்கு மட்டும் கடைசிவரை கால் மாறியே விழுந்தது. எத்தனையோ அதிகாரிகளின் மேஜைக்கு முன்னால் நின்றே தேய்ந்த என் கால்களும் அன்றைக்கு ஆடின. கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று சாந்தா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது அடுப்புப் புகை.

காலையில் அறிக்கை எழுத உட்கார்ந்த அந்த அம்மா பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். நிகழ்ச்சியைப் பார்வையிட்டதாக எழுதினால் பொய். ஆடியதாக எழுதினால் மேலே கேள்வி வரும் என்றார். நான் பக்கத்தில் போய், ‘மாலை நிகழ்ச்சியில் விருந்தினர் அனைவரும் பங்கேற்கும் முறை இம்மலைக்கே உரியது; இதை நடத்த இவ்வூர்ச் சங்கத்தைத் தவிர வேறு எவராலும் இயலாது எனக் குழு நேரில் உணர்ந்தது’ என்று சொன்னேன். ஒரு சொல் மாற்றாமல் எழுதி, மூன்று வருஷத்துக்குப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி, “இத்தன வருஷ சர்வீஸ்ல என்கிட்ட மனு எழுதிக் கொடுத்தவங்க ஆயிரம் பேரு. என் ரிப்போர்ட்டையே எழுதிக் கொடுத்தவரு நீங்க ஒருத்தர்தான்” என்றார்.

ஒப்பந்தம் வந்துவிட்டது, ஆறு அறைகளும் பொங்கல் வரை நிரம்பிவிட்டன, ஆனால் நாற்பது வருஷம் அரசாங்கத்தை எதிர்த்து நின்று வாங்க முடியாததை ஒரு சாயங்காலம் அதனோடு சேர்ந்து ஆடி வாங்கிவிட்டேன் என்பதை என் பழைய தோழர்களுக்கு எந்த நோட்டீஸில் எப்படி எழுதுவது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.