கெம்பஸ் மலையேறி வந்ததா என்று பார்க்கப் போனவள்

அடுத்தவர் செய்துமுடித்த வேலையைப் போய்ப் பார்த்து எழுதுவது என் தொழில் என்பதால், நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டதும் எந்த ஊரிலும் முதலில் நடப்பது வாசல் கூட்டுவதுதான்.

எங்கள் ஊரில் கெம்பஸ் என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் நாலு சுவருக்குள் இருந்துவிடாமல், ஊர் மக்களோடும் தொழில் செய்கிறவர்களோடும் சேர்ந்து ஏதாவது செய்யட்டும் என்று அரசாங்கம் நிதி ஒதுக்குகிறது. அதனால் யாருக்கு என்ன நன்மை கிடைத்தது என்று கண்டறிந்து சொல்வது என் பொறுப்பு. நான் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அந்த ஒரே தகுதியில் ஹட்டன் சுற்றுவட்டாரம் முழுவதும் என் தலையில் விழுந்தது. படிவமும் பேனாவுமாக அடுத்தவர் வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

எல்லாம் நல்லா இருக்கு

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெண்களுக்குக் காளான் வளர்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் பத்துப் பன்னிரண்டு பேர் எனக்காகக் கூடியிருந்தார்கள். பயிற்சி எப்படி என்றேன். நல்லா இருந்துச்சு என்றார்கள். விதை? அதுவும் நல்லா இருந்துச்சு. விளைச்சல்? நல்லா இருக்கு. பிறகு காளான் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். காளான் முளைக்க வேண்டிய பைகள் எல்லாம் காய்ந்து சுருங்கித் தொங்கின. எல்லோர் முன்னாலும் கேட்க மனம் வரவில்லை. பேசாமல் கிளம்பிவிட்டேன்.

நான் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு செல்வமலர் என்ற பெண் பின்னாலேயே ஓடிவந்தார். வளைவு வரைக்கும் கூடவே நடந்தார். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். பைகளுக்குப் பகலில் இரண்டு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பச் சாயந்தரம் ஆகிவிடுகிறது. பகலில் தெளிக்க ஆளில்லை. கற்றுக்கொடுக்க வந்த மாணவிகள் அத்தனை அன்பாகப் பழகியதால் அவர்களிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அப்படியென்றால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். செல்வமலர் குடையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க சரியில்லைன்னு எழுதிட்டா, அந்தப் புள்ளைங்க வர்றதையும் நிறுத்திருவாங்கல்ல மிஸ்."

பங்காளி

கொட்டகையைப் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் மாற்றினால், பகல் முழுவதும் அங்கே இருக்கும் ஆயாவே தண்ணீர் தெளித்துவிடுவார் என்று எழுதினேன். மாற்றினார்கள். மாணவிகள் வருவதும் நிற்கவில்லை. அந்தத் தெம்போடு கினிகத்தேனைக்குப் போனேன். அங்கே மிளகு, கிராம்பு விற்கும் கருப்பையா முதலாளியை ஒரு பல்கலைக்கழகம் தன் அறிக்கையில் 'தொழில்துறைப் பங்காளர்' என்று குறித்திருந்தது.

முதலாளிக்கு அது புதுச் செய்தி. தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு மாணவிகள் சில மாதங்கள் கடைக்கு வந்துபோனார்கள், அவர்கள் வந்ததற்கு அத்தாட்சி என்று நினைத்து ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான் என்றார். சரி, அவர்களால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று கேட்டேன். அதற்கு மட்டும் எழுந்து நின்று பதில் சொன்னார். அவருடைய மிளகுத் தூள் பாக்கெட்டுகள் பூசணம் பிடித்துக் கடைகளிலிருந்து திரும்பி வந்துகொண்டே இருந்தனவாம். விடிகாலைப் பனியில் பொதி செய்வதுதான் காரணம் என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். வெயில் ஏறிய பிறகு இன்னொரு தரம் காயவைத்துக் கட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அறிக்கையில் கலந்துரையாடல், ஒப்பந்தம் எல்லாம் இருந்தன, இந்த மிளகுக் கதையைக் காணோம். அதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். பங்காளர் என்பது மரியாதையான சொல்தான், பயப்படாதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"பங்காளின்னு போட வேணாம் மிஸ். எங்க குடும்பத்துல பங்காளின்னா காணிக்கு வழக்குப் போட்டவங்க. தெரிஞ்ச கடைக்காரர்னு மட்டும் போடுங்க."

போத்தலில் போன தண்ணீர்

நல்லதண்ணி என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரை ஒரு பல்கலைக்கழகம் பரிசோதித்திருந்தது. ஆய்வுக் கட்டுரையும் வெளியாகியிருந்தது. 'சமூகப் பயன்: மிக அதிகம்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சிவனு அண்ணனிடம் போய்ப் படிவத்தை விரித்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார். போத்தல் போத்தலாக எடுத்துக்கொண்டு போன தண்ணீர் என்ன ஆயிற்று? அவருடைய பேத்தி வயிற்றோட்டத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள். அதற்கும் இந்தத் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா?

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, ஆய்வு செய்த விரிவுரையாளர் திலினியை அழைத்தேன். எந்தத் தோட்டம் என்று ஒருதரம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். தண்ணீரில் கிருமி இருந்தது, கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. முடிவைத் தோட்டத்து ஆபீசுக்கு ஆங்கிலத்தில் அனுப்பியதாகவும், அவர்கள் மக்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே தனியாக பஸ் ஏறி வந்து, தொட்டியடியில் லயத்து ஆட்கள் முன்னால் நின்றார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையது" என்றதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். சத்தம் போடுவார்கள் என்று பயந்திருந்தேன். பெண்கள் எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஊற்றுக்கு மேலே ஒரு கக்கூஸ் குழி இருப்பதைத் திலினி காட்டியபோது, குழாயின் வாயை அதற்கும் மேலே இருக்கும் இன்னொரு ஊற்றுக்கு மாற்றுவது என்று ஆண்கள் அங்கேயே பேசி முடித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சிவனு அண்ணன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தார். இதை அந்த மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொல்லுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு, திலினியைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி எடுத்துட்டுப் போனவங்கள்ல திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தாங்க. குடிங்க, நல்லாக் கொதிக்கவச்சதுதான்."

ஹட்டன் பஸ்ஸில்

திரும்பும்போது திலினியும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். குழாய் மாற்றும் வேலையைப் பார்க்க அடுத்த கிழமை நடுவிலும் ஒருநாள் வரப்போவதாகச் சொன்னார். அதுவும் உங்கள் பல்கலைக்கழக வேலைதானே, வாகனம் தருவார்களே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சிரித்தார்.

"கட்டுரை எழுதினதுக்குப் பதவி உயர்வு கொடுத்தாங்க. அதுல உள்ளதை இந்த ஆட்களிடம் வந்து சொல்றதுக்கு நான் லீவு போடணும்."

ஒரே ஒரு கட்டம்

கொழும்பில் என் அறிக்கைகளை வாங்கிப் பார்க்கும் மேலதிகாரி பென்ஷனுக்குக் கிட்ட இருப்பவர், நல்ல மனிதர். தண்ணீர் ஆய்வுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும். நான் அந்த ஞாயிறு வரைக்கும் ஒன்று, அதற்குப் பிறகு ஐந்து என்று எழுதியிருந்தேன். கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவைத் தொடவில்லை.

பல்கலைக்கழகங்கள் நிரப்பும் அடுத்த வருடத்துப் படிவத்தில் ஒரு புது வரி இருந்தது: 'ஆய்வு முடிவை அந்த ஊர் மக்களிடம் யார், எப்போது, எந்த மொழியில் சொன்னீர்கள்?' இதற்கு எத்தனை மார்க், சேர், என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"மார்க் ஒன்றும் இல்லை. இதை நிரப்பாமல் விட்டால் மிச்சப் பணம் போகாது, அவ்வளவுதான்."

ஆக, ஊரார் வேலைக்கெல்லாம் மார்க் போட்டுத் திரியும் எங்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல், எங்களால் யாருக்கு என்ன நன்மை என்று பார்த்துவர அரசாங்கம் இன்னும் ஒருவரையும் அனுப்பவில்லை என்பதுதான்.