நடுங்கும் கைக்கு எந்தத் துப்பாக்கி? மதுரையில் ஒரு நாள்

தேர்தல் தேதி அறிவித்த வாரத்தில் மதுரைக்குப் போனோம். துப்பாக்கி பார்க்கப் புறப்பட அதைவிடக் கெட்ட வாரம் கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், இப்போதே சிரிக்காதீர்கள்.

எனக்கு ஐம்பத்தொன்று. திருச்சியில் கணக்கு டீச்சர். கிளப்பில் பொழுதுபோக்காகக் கைத்துப்பாக்கி சுட ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. மாவட்டப் போட்டிகளில் வாங்கிய இரண்டு மெடல்கள் டிவிக்குப் பக்கத்தில் தூசி தின்கின்றன. போன வருஷத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸில் ஒரு துப்பாக்கிதான் வாங்கலாம். இந்தக் கைக்கு ஒத்துவருகிற ஒன்று கிடைத்தால் சுடுவது, இல்லாவிட்டால் ஏறக்கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மனதில் இரண்டு இருந்தன. ஒன்று, குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கம்பியால் இடிக்கிற பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்புவதற்குள் கை ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. இரண்டாவது, குழல் நீண்ட பாயின்ட் டூ டூ (.22) ரகக் கைத்துப்பாக்கி. முன்பக்கம் கனமிருந்தால் நடுக்கம் அடங்கும் என்பார்கள். மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் பத்மா போட்டிகளில் பழக்கமான தோழி. அப்பா வழியில் வந்த பழைய துப்பாக்கி அவளிடம் லைசென்ஸோடு இருக்கிறது, நீளக் குழல் அவளுடைய கிளப்பில் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று கூப்பிட்டிருந்தாள்.

காலை ஐந்தரைக்குத் திருச்சியில் கிளம்பினோம். நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் கணவர்தான் ஓட்டினார். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக்கு மேல் தொடாதவர், பக்கத்து வீட்டில் சரவெடி வைத்தால் கொல்லைப்புறம் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட ரேஞ்சுக்குள் வந்ததில்லை, வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

எட்டரைக்கு வில்லாபுரம். பத்மா உள்ளே மாமியாரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, பொங்கல் தட்டோடு வந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். துப்பாக்கி வீட்டில் இல்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனிலோ, அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். முந்தின நாள்தான் கடையில் கொடுத்திருக்கிறாள். அறிவிப்பை நானும் டிவியில் பார்த்தேன், என் கிளப்பில் இதைப் பற்றிப் புலம்பியும் இருக்கிறேன். அப்படியும் இந்தத் தேதிக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றால் என்ன சொல்ல? பத்மாவுக்கும் தோன்றவில்லை. எங்களை மாதிரி ஆட்களுக்கு மட்டுமே வரும் மறதி இது.

“சுட முடியாதுக்கா. கடையில வச்சுத் தொட்டுப் பாக்கலாம், வாங்க” என்றாள்.

டவுனுக்குள் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது. கடைக்குள் நுழைந்தால் ரேஷன் கடைக் கூட்டம். வேட்டியில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கிகளோடு விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். ஒப்படைத்தவை சீட்டுக் கட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தன. சமயநல்லூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், தவமணி என்று பெயர், என் கணவரிடம் எம்புட்டு நாளாகச் சுடுகிறீர்கள் என்று விசாரித்தார். கணவர் அவசரமாக என்னைக் கைகாட்டினார். தவமணி என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் கஷ்டத்துக்கு வந்தார்.

“தேர்தல் வந்திருக்குன்னு காட்டுப் பன்னிக்குத் தெரியுமா தாயி? இவங்க எண்ணி முடிக்குறதுக்குள்ள அது கடலைய முடிச்சிரும்.”

கடைக்காரர் பத்மாவின் சீட்டைப் பார்த்து, குழல் காலியா என்று சோதித்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார். ஒரு சாணுக்கும் மேல் நீளமான குழல், வழவழத்த மரப்பிடி. பாதுகாப்புக்கென்று மூலையில் வைத்திருந்த மணல் மூட்டையைப் பார்த்து நீட்டினேன். நடுங்கியது, ஆனால் தாங்க முடியாத நடுக்கமில்லை. மனசுக்குள் அப்போதே வாங்கிவிட்டேன்.

பத்மா சும்மா இருக்கவில்லை, கேப்பையும் மாட்டிப் பாருங்கள் என்றாள். குழலின் பின்பக்கம் ஒரு சின்ன முளை இருக்கும். அதன்மேல் துவரம்பருப்பு அளவுள்ள, கேப்பு என்கிற செம்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். சுத்தியல் அதைத் தட்டினால்தான் உள்ளே மருந்து பற்றும். வெடித்துத் தீர்ந்த கேப்பு ஒன்றைப் பழகுவதற்கென்று கடைக்காரர் கொடுத்தார். முதல் முறை தரையில் விழுந்தது. இரண்டாவது முறை மேஜைக்கடியில் உருண்டது. மூன்றாவது முறை முளை வரைக்கும் போய், என் விரலே அதைத் தட்டிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவர் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிரப்பும் நேரத்தில் கை ஓய்வெடுக்கும் என்று கணக்குப் போட்ட டீச்சர், நிரப்பவே நடுங்காத விரல் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அழுகை வந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலில் போய் நின்றேன்.

வீட்டுக்கே திரும்பியிருப்பேன், பத்மா விடவில்லை. கிளப்பின் போட்டித் துப்பாக்கிகளுக்கு ஒப்படைப்பிலிருந்து விலக்கு இருந்தது. வழியில் சாப்பிட்டுவிட்டு, கோச்சடைப் பக்கமாகப் பைபாஸைப் பிடித்து, சமயநல்லூர் தாண்டியிருக்கும் ரேஞ்சுக்குப் போய்ச் சேர மூன்று மணி. தகரக் கூரை, அனல், கருவேல மரங்கள். நீளக் குழலில் குண்டு நிரப்புவது சுலபம், அதில் தொந்தரவில்லை. ஆனால் குழல் நீண்டால், குறிபார்க்க அதன்மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், கையின் ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரியும். என் கிளப்பில் சுடும் சின்னக் குழலில் மறைந்திருந்த என் நடுக்கம் முழுதாகத் தெரிந்தது. ஐந்து முறை சுட்டேன். இரண்டு குண்டு இலக்கு அட்டையிலேயே இல்லை.

“ரெண்டு கையாலயும் பிடிங்கக்கா” என்றாள் பத்மா.

இதன் அர்த்தம் வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் போட்டிகளில் ஒற்றைக் கைதான். இன்னொரு கை பட்டால் அந்தச் சுற்றே செல்லாது. இடது கையைச் சேர்த்தால், இனி நான் போட்டிக்காரி இல்லை, பொழுதுபோக்குக்குச் சுடுகிறவள் மட்டும்தான். பத்மா, பாவம், கருவேல மரத்தில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடது கையை அடியில் கொடுத்தேன். அடுத்த ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. திரும்பிப் பார்த்தால், தடுப்புக்குப் பின்னால் காது மூடியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டு கணவர் நிற்கிறார். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பழைய மாடல்தானே, லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்வழியாக நிரப்பும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். கையில் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், காலித் துப்பாக்கியில் கேப்பு மாட்டியும் பாருங்கள். நீளக் குழல் நடுக்கத்தைக் குறைக்காது, காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துப் பதறாமல் விசையை மெல்ல அழுத்தப் பழகுங்கள். ரேஞ்சுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். தேர்தல் சமயத்தில் போகவே போகாதீர்கள். நான் நீளக் குழலைத்தான் வாங்கப்போகிறேன். பழையது மாதிரி அது மனசை இழுக்கவில்லை, ஆனால் என்னைச் சுட விடுகிறது.

திரும்பும்போது மேலூர் தாண்டி டீக்கு நிறுத்தினோம். அலுப்பில் கண்ணை மூடியிருந்தேன். விழித்தால், கணவர் அந்தக் காலிக் கேப்பைப் பேனா முனையில் மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தாராம்.

“உனக்குப் பிடிச்சது அந்தப் பழசுதானே? கேப்பு நான் மாட்டித் தர்றேன்.”

லைசென்ஸ் இல்லாதவர் அதைத் தொடக் கூடாது என்றேன்.

“அப்ப நானும் ஒண்ணு எடுத்துக்கிறேன். சத்தத்துக்குப் பயப்படுறவனுக்குத் தரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா என்ன?”

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.