சமாதானம் சொல்லாத வாங்கு

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசையின்போது, நற்கருணைக்குச் சற்று முன்னர், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சுவாமியார் கேட்பார். முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்பித் தலைதாழ்த்துவோம். அந்த நேரத்துக்கு மட்டும் என் மச்சாள் உள்ளே இருக்கமாட்டாள். பக்கக் கதவால் இறங்கி வெளியே நிற்பாள். பிறகு திரும்பிவந்து அமர்வாள். ஆனால் நற்கருணை வாங்க எழமாட்டாள். மனத்தாங்கலோடு பீடத்தை நெருங்கக்கூடாது என்று சிறுவயதில் படித்ததை அவள் ஒருநாளும் தளர்த்திக்கொண்டதில்லை.

மச்சாள் என் தம்பியின் மனைவி; அவளுக்கு நானும் மச்சாள்தான். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்தில் அவர்களுடைய வீடு இருந்தது. சுனாமி தம்பியையும் வீட்டையும் கொண்டுபோனது. ஒரே மகளைத் தலைமயிரில் பற்றி இழுத்து, ஒரு வேப்பமரத்தில் தொற்றவைத்து, அவள் காப்பாற்றினாள். நாங்கள் பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்தபோது, இயக்கத்துக்கு ஆள்சேர்க்க வந்தவர்கள் அந்தப் பிள்ளையைத் தோணியில் ஏற்றி வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்குக் கொண்டுபோனார்கள். வந்தவர்களில் ஒருவன் எங்கள் கோயிலில் பூசைக்கு உதவி செய்து வளர்ந்தவன். அவனுடைய தாய் பூசையில் எங்களுக்கு இரண்டு வாங்குப்பலகை முன்னால் அமர்பவள். பின்னர் கிழக்கைவிட்டு இயக்கம் வெளியேறியபோது, அவனும் பிள்ளையும் வன்னிக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அதற்குமேல் ஒன்றும் தெரியவரவில்லை.

பூசைக்குப் பின் பெண்களுக்கு வேதபாடம் நடத்துவது என் பொறுப்பு. எபிரேயருடைய வேதத்தில் சமாதானம் என்பது சண்டை ஓய்வது மட்டுமல்ல, ஒன்றும் குறைவுபடாத முழுமை என்று ஒருமுறை விளக்கினேன். ஒருவன் மூடாமல் விட்ட குழியில் அயலானுடைய மாடு விழுந்து செத்தால், அதற்கு ஈடு கொடுத்துக் குறையை நிரப்பும்படி அவர்களுடைய சட்டம் கேட்கிறது. அந்த நிரப்புதல் இல்லாமல் சமாதானம் இல்லை என்றேன்.

மச்சாள் நிமிர்ந்தாள். "மாட்டுக்கு மாடு குடுக்கலாம் மச்சாள். புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?"

புத்தகத்தை மூடிவைத்தேன்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இராணுவத்தினர் வீதியில் போனவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமாதானத்துக்காக விசேட பூசை. மாதர் சங்கத்துத் தலைவி காத்தான்குடியில் வாங்கிய புதுச்சேலையோடு வந்து, என்னை ஒதுக்குப்புறமாய் அழைத்தார்.

"உங்கட மச்சாளையும் அந்தப் பொடியன்ட தாயையும் ஒரு வாங்கில இருத்தப்போறம். பக்கக் கதவையும் பூட்டியாச்சு. சண்டையே முடிஞ்சிட்டுது, இவளுகள்ற சண்ட முடியாதா?"

வேண்டாம் என்றேன்.

"நீங்க படிச்சாக்கள், யோசிச்சு யோசிச்சே கிழவியாகிடுவீங்க" என்று சிரித்தார்.

அப்படியே நடந்தது. "தள்ளி இரிகா, இடம் கிடக்கு" என்று அந்தத் தாயை அழைத்துவந்து மச்சாளின் அருகில் இருத்தினார்கள். மச்சாளுக்கு மறுபுறம், சுவரோரமாய், நான் இருந்தேன்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. மச்சாள் எழுந்தாள், கதவு பூட்டியிருப்பதைக் கண்டு மறுபடி இருந்தாள். அந்தத் தாய் அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"சமாதானம், தங்கச்சி."

"என்ட புள்ள எங்க எண்டு உன்ட மகனிட்டக் கேட்டுச் சொல்லுகா. பிறகு நானும் சொல்றன்."

அந்தத் தாய் கூப்பிய கைகளைப் பிரிக்கவில்லை. "அவனையும் காணல்லகா. கடைசியா ஆர் கண்டதெண்டும் தெரியா."

முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள், கோபம் முழுவதும் வடிந்துபோன குரலில், "அவன் வருவான், வந்தாக் கேக்கலாமெண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தன்" என்றாள்.

அவள் எதைக் காத்துவந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை இருக்குமிடம் அறிந்த ஒருவன் உலகத்தில் உண்டு என்ற நம்பிக்கையை அவள் பகையாக வைத்திருந்தாள். இனி அதுவும் இல்லை.

உயிர்த்தெழுந்தவர் பூட்டிய அறைக்குள் வந்து, சீடர்களுக்குச் சமாதானம் சொல்லித் தம் காயங்களைக் காட்டியதை நான் பலமுறை படிப்பித்திருக்கிறேன். காயத்தோடும் சமாதானம் உண்டு என்று அதற்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தோன்றியது வேறு: காயத்தோடாவது அவர் திரும்பி வந்தார்.

நற்கருணைக்கு வரிசை நகர்ந்தது. மச்சாள் எழவில்லை. அந்தத் தாயும் எழவில்லை. "ரெண்டு பேரும் சேந்து சுவாமிக்கு மறியல் போடுறாளுகள்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எவரும் சிரிக்கவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சுவரோரத்து என் இடத்துக்கு அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். என்னை நிமிர்ந்து பாராமல், இருவரும் முழங்கால்களை ஒருபக்கமாய் ஒதுக்கி வழிவிட்டார்கள்.