சுரங்கத்துத் துருசு

பஞ்சில் பொதிந்து பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தாள் அக்கா. கட்டைவிரல் அளவுக் கல். அப்படியொரு நீலத்தைப் பார்த்ததே இல்லை என்று எழுத ஆசைதான். கொச்சி மட்டாஞ்சேரிக்காரன் அப்படி எழுதினால் பொய். எங்கள் பஜாரில் மிளகுக் கடைகளுக்கு நடுவே துருசு என்கிற மயில்துத்தம் சாக்குச் சாக்காய்க் கிடக்கும். மழைக்கு முன்னால் கமுகுக்கும் மிளகுக் கொடிக்கும் சுண்ணாம்போடு கலந்து தெளிக்க வாங்கிப் போவார்கள். அது விஷம் என்பதும் ஊருக்கே தெரியும். வீட்டில் சண்டை முற்றினால் பெண்கள், "துருசு குடிச்சுச் சாவேன்" என்றுதான் மிரட்டுவார்கள்.

மச்சான், அதாவது அக்கா புருஷன், பீகார்ப் பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அவருடைய அத்தா பாலக்காட்டில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தவர். அதனால் அவர் அம்மா, எங்களுக்கு மாமி, மண்ணுக்கடியில் இறங்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகனை ரயிலேற்றினார். ஆபீஸில் எழுத்து வேலை என்று மச்சானும் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் தினமும் இறங்கினார். அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கைவிட்ட பழைய சுரங்கப் பாதை ஒன்றில், செம்புப் பாறையில் ஊறி வடிந்த தண்ணீர் சுவரில் காய்ந்து நீலமாய்ப் பூத்திருந்ததாம். அதைப் பெயர்த்து, பெண்டாட்டிக்கென்று கொண்டுவந்தார்.

அவர் திரும்பிப் போன பிறகு, நோன்புக்கு வீடு கழுவும்போது அந்த டப்பா மாமி கையில் சிக்கியது. மாமி கத்தவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "என்ன குறை வச்சேன் மோளே? துருசு வாங்கி ஒளிச்சு வைக்கிற அளவுக்கு?"

நான் அப்போது எர்ணாகுளத்தில் காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். போய் விளக்கினேன். கடைத் துருசு கம்பெனியில் காய்ச்சுவது, இது தானாக விளைந்த கனிமம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், அதனால் நம் மழை ஊரில் வெளியே பார்க்கவே முடியாது, சுரங்கத்துக்குள்தான் விளையும் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என் மகன் குழிக்குள்ள இறங்கினானா தம்பி?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், கடைத் துருசாகவும் இருக்கலாம் என்று பேச்சை மாற்றினேன். மாமி கல்லைக் கொண்டுபோய்க் காயலில் எறிந்துவிட்டு வந்தார்.

அடுத்த லீவில் மச்சான் வந்ததும் மாமி நேராகக் கேட்டார். "இவ வச்சிருந்த துருசு நீ கொடுத்ததா?" நான் அங்கேயே நின்றேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "இல்லம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அந்த மனுஷன். பிறகு படகுத்துறையில் பிடித்துக் கேட்டேன். "அம்மா தாங்கமாட்டாங்கடா. உன் அக்காவுக்கு எல்லாம் புரியும்" என்றார். புரியும்தான். அதுதானே வினை!

அன்றிலிருந்து அக்கா தனியாக இருந்ததே இல்லை. மாமி அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். கடைக்கு, குளிக்கக் குளிமுறிக்கு, எங்கள் வீட்டுக்கு, எங்கே போனாலும் கூடவே மாமி, இல்லையென்றால் மாமியின் மகள். அடுக்களைக் கதவுத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். கொடுமை என்று சொல்லவும் வழியில்லை, அத்தனையும் பாசம். "உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்று நான் கத்தாத நாள் இல்லை. "அவரு வேலைய விட்டுட்டு வந்தா சோறு நீ போடுவியா?" என்பாள் அக்கா.

சில வருஷம் கழித்து மாமி மௌத்துப் படுக்கையில் கிடந்தார். மச்சானும் தந்தி கிடைத்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். மாமி அக்காவின் கையை எடுத்துத் தன் மகள் கையில் வைத்தார். "இவளைத் தனியா விட்டுடாதே. உசிரு எடுத்துக்கப் பார்த்த புள்ள."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைத்து ஆகப்போவது என்ன? ஒரு வார்த்தை போதும்.

அக்காதான் பேசினாள். "இனிமே அப்படிச் செய்யமாட்டேன் மாமி."