கேட்காமல் மாட்டிய சைலன்சர்

தெருக்காரர்களுக்கு அவள் ஊசியக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் பதினோரு வருடமாக அவளுடைய பிழைப்பு. காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஐந்து வீடு. எட்டரைக்குள் ரத்தக் குப்பிகளை நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்திவிட்டாள். மூன்றாவது தடவை பிந்தினால் ஐந்து வீடும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவளிடம் இருந்தது எஞ்சின் பூட்டிய ஒரு சைக்கிள். நாலு மிதி மிதித்துக் கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு கால் நோகாமல் போகலாம்.

அன்று ஊசியும் குப்பிகளும் வைத்த பெட்டியைக் கேரியரில் கட்டிவிட்டு ஏறி மிதித்தாள். பாதிச் சுற்றுக்குள் ணங்கென்று இடித்துப் பெடல் நின்றது. குனிந்து பார்த்தாள். பழைய ஒல்லிச் சைலன்சரைக் காணோம். அது இருந்த இடத்தில் வயிறு உப்பிய புதுக் குழாய் ஒன்று பளபளத்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் பிரஷ்ஷோடு வந்தார். பிளம்பர். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்துட்டியா? நேத்து நீ கடைக்குப் போனப்ப மாட்டினேன். இனிமே வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

"பெடல் சுத்தவே மாட்டேங்குதே. எப்படி ஸ்டார்ட் பண்றது?"

பிரஷ் வாயிலிருந்து வெளியே வந்தது. "நான் தள்ளி விடுறேனே."

"அஞ்சு வீட்டுக்கும் பின்னாடியே ஓடி வருவீங்களா?"

நேரம் போகிறதே என்று தள்ளச் சொன்னாள். எஞ்சின் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. "காலங்காத்தால எவன்டா அது?" என்று மேல்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் புகை. கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாசர், அதைச் சுற்றி வெள்ளை டேப். இரண்டும் இளகி வழிந்துகொண்டிருந்தன.

மூச்சிரைக்க ஓடிவந்தவரிடம், "ரப்பரையா போட்டீங்க?" என்றாள்.

"சொட்டக் கூடாதுல்ல..."

"இதுல தண்ணியா வருது? நெருப்பு வருதுங்க, நெருப்பு! போய்ப் பழசை எடுத்துட்டு வாங்க."

அவர் நகரவில்லை.

"எடுத்துட்டு வாங்கன்னேன்."

"அதை ரெண்டா அறுத்துத்தான் இதைப் பிடிச்சுக் கட்டப் பட்டை செஞ்சேன்."

குழாயைக் கண்டால் அறுக்காமல் இருக்காது அந்தக் கை. குளியலறைக் குழாயையும் இப்படித்தான் ஒருநாள் கேட்காமல் இடம் மாற்றினார். பன்னிரண்டு வருடமாக அவள் வாளியைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் நிரப்புகிறாள். அன்றைக்கும் இதே சிரிப்பு. பிரியம்தான், இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டால் நாக்கு தேய்ந்தா போய்விடும்? வண்டி யாருடையது? வேலை யாருடையது?

கைப்பேசி அடித்தது. முதல் வீட்டுப் பெரியவர்.

"வர்றியாம்மா? பசி காதை அடைக்குது. ஒரு பிஸ்கட் தின்னுக்கட்டுமா?"

"தின்னுடாதீங்க ஐயா. வந்துக்கிட்டே இருக்கேன்."

சீட்டுக்கடியில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தாள். துணியை வைத்துப் பிடித்து இரண்டு நட்டையும் கழற்றி, குழாயை அவர் காலடியில் போட்டாள். அவர் துள்ளி விலகினார். குழாய் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் நெருப்பு வெளியே அடிக்கும். அது குறுக்கே வராதபடி கிளட்ச் பிடியை இழுத்துப் பூட்டினாள். இப்போது அது வெறும் சைக்கிள், எஞ்சின் கனத்தோடு.

"ஏறுங்க. மிதிங்க."

"நானா? பனியனோடவா?"

"பனியனோடதான்."

பெட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள். மேட்டில் அவருக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"மூச்சு வாங்குது. கொஞ்சம் நிறுத்தி..."

"அறுக்கும்போது மூச்சு வாங்கலையா?"

அவர் எழுந்து நின்று மிதித்தார்.

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார். அவள் ஊசியை எடுத்தாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

"வாசல்ல யாரும்மா, குளிச்ச மாதிரி நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லு, ஒரு வாய் டீ குடிக்கட்டும்."

"வேண்டாம் ஐயா. அவருக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."

எட்டு இருபத்தெட்டுக்குப் பெட்டி நிலைய மேசையில் இருந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், குப்பிகளை எண்ணி வாங்கிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் கணவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கோவம் போச்சா?"

"போகல. சாயங்காலத்துக்குள்ள பழசு மாதிரியே ஒரு சைலன்சர் வாங்கிட்டு வாங்க. வாசரும் வண்டிக் கடையிலதான் வாங்கணும். மாட்ட வேண்டாம், நானே மாட்டிக்கிறேன்."

சரியென்று தலையாட்டி எழுந்தவர் சைக்கிள் பக்கம் கையை நீட்டினார்.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றாள். "நடந்து போங்க."